பதினோராவது கடிதம்

ஒரு கடிதத்தை மூன்று வீடு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மனிதருக்கு எத்தனை நாள் பிடிக்கும்? நம் சட்டத்துக்கு இன்றோடு ஐந்து நாள். இன்னும் கொடுத்தபாடில்லை.

சட்டம் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். சட்டை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக கேட் காவல். "ரூல்னா ரூல்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. பெரிய காய்ச்சல் ஊரைச் சுற்றிய காலத்தில், தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கம்பெனி அறிவித்ததும் மனிதருக்கு ஒரு புது மிடுக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பின்பக்கம் திருப்பி, எதற்கென்று அவருக்கே தெரியாமல் ஒரு தடவை மோந்தும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அட்டை இல்லாத பதினோரு பேரை வாசலோடு திருப்பி அனுப்பிய புண்ணியவானும் அவர்தான். அது நடந்து எட்டு மாதம்.

போன வாரம் அரசாங்கம் அந்த மிடுக்கில் கல்லைத் தூக்கிப் போட்டது. தடுப்பூசி போட்டதற்குச் சான்று காட்டு என்று எந்தக் கம்பெனியும் கடையும் இனி யாரையும் கேட்கக் கூடாது. மருத்துவமனைக்கு மட்டும் விலக்கு. சான்று இல்லை என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் கடிதம் கொடுத்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் பழைய வேலை, பழைய இடம். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

மேனேஜர் லேசுப்பட்டவர் இல்லை. "திருப்பி அனுப்பினவர் கையாலயே கடிதம் போகட்டும்" என்று பதினொன்றையும் சட்டத்திடமே கொடுத்துவிட்டார்.

பத்துக் கடிதங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தன. பதினோராவதுதான் சட்டைப் பையிலேயே குடித்தனம் நடத்துகிறது. அது காஜாக்காரியுடையது. சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கிற காஜா மெஷினில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவள். கைவேலை அவ்வளவு சுத்தம். ஆனால் கடிதம் நகராததற்குக் காரணம் அது இல்லை. அவள் சட்டத்தின் மனைவி நர்ஸுக்கு உயிர்த்தோழி. தோழியாக இருந்தவள் என்று சொல்ல வேண்டும். எட்டு மாதமாக நர்ஸ் எதிரே வந்தால் காஜாக்காரி தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். புருஷன் வாசலில் நிறுத்தியதற்கு மனைவிமேல் கோபம் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. தெருவின் கணக்கு எப்போதும் பாதிதான் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. நர்ஸ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"குடுத்தாச்சா?"

"எதை?"

"எதையா? நேத்து சட்டையோட சேத்து அதையும் வாளியில முக்கப் போனேன். நல்லவேளை கையில தட்டுப்பட்டுச்சு."

"இன்னைக்குக் குடுத்துடறேன்."

"இன்னைக்குத்தான் கடைசி."

"தெரியும். உத்தரவை நான் படிக்கலையா?"

"படிச்சு என்ன? மூணு வீடு தள்ளி. செருப்பு மாட்டற நேரம்கூட ஆகாது."

"அப்ப நீயே கொண்டுபோய்க் குடேன். உன் ஃப்ரெண்டுதானே."

நர்ஸ் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. "நான் போனா கதவைத் திறக்க மாட்டா."

"உங்களுக்குள்ள அப்படி என்னதான் சண்டை? நானும் எட்டு மாசமா கேக்கறேன்."

"அது ஒண்ணுமில்லை."

ஒன்றுமில்லை என்று எட்டு மாதமாக ஒருத்தி சொல்கிறாள் என்றால் உள்ளே ஒரு மூட்டையே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியவில்லை. அவருக்குக் கதவுகள்தான் புரியும்.

அந்த நேரம் பார்த்து அவருடைய தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அதே கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டர். எல்லோருக்கும் கத்திரி. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் இல்லை, அண்ணன் வீட்டில் சாப்பாடு, அண்ணியிடம் வாய்.

"என்ன அண்ணி, அட்டை கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. இனிமே உங்க ஊசிக் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"ஓட்டறேன். ஒரு கை குறையுது, நீயும் வந்து ஓட்டு."

அடுத்த நொடி ஆளைக் காணோம். எப்போதும் இரண்டு பேச்சு கூடுதலாகப் பேசுகிறவன் இன்று ஏன் அவசரமாகச் சட்டையை மாட்டினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

எட்டு மணிக்கு கம்பெனி வாசல். 'சான்று இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைக் கழற்றி நான்கு நாள் ஆகிறது. பலகை இருந்த இடத்தில் மட்டும் சுவர் பெயின்ட் புதிதாக, சின்ன ஜன்னல் மாதிரி இருந்தது. மூளைக்கு உத்தரவு எட்டியிருந்தாலும் கைக்கு எட்டவில்லை. சங்கு ஊதியதும் சட்டத்தின் வலது கை தானாக முன்னால் நீண்டது.

"என்ன சார், ரேகை பாக்கணுமா?" என்றார் வரிசையில் முதலில் நின்ற இஸ்திரிக்காரர்.

"மழை தூறுதான்னு பாக்கறாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சட்டம் கையை இழுத்துக்கொண்டார். "நடங்க, நடங்க. வழியை அடைக்காதீங்க."

பட்டன் வைக்கிற பெண் ஒருத்தி உண்டு. நாக்கில் பிளேடு வைத்திருப்பவள். அவள் நின்று திரும்பினாள். "எங்க அட்டையெல்லாம் மோந்து மோந்து பாத்தீங்களே சார். உங்க தம்பி அட்டை மட்டும் என்ன வாசனை அடிச்சுது?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. சட்டமும் வாயைத் திறந்தார், பதில் சொல்ல. தம்பியின் அட்டை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். எண்ணூறு பேருடைய அட்டை நினைவில் இருந்தது. யாருடைய அட்டையில் மடிப்பு, யாருடையதில் டீக்கறை என்பது வரைக்கும். தம்பியுடையது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

வரிசை உள்ளே போனதும் கத்திரியைக் காவல் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"உன் அட்டை எங்கடா?"

"கேக்கக் கூடாதுண்ணா. உத்தரவு."

"டேய்!"

கத்திரி சுவரில் உதிராத சுண்ணாம்பைச் சுரண்டினான். "இல்லைண்ணா."

"வீட்ல இருக்கா?"

"எங்கேயும் இல்லை. நான் போட்டுக்கவே இல்லை."

சட்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். "பின்ன எட்டு மாசமா எப்படிடா உள்ளே போன?"

"நடந்துதான். உன் பக்கத்துலயே. நீ ஒருநாள்கூட கேக்கலையே?"

"உங்க அண்ணி போட்டுவிட்டிருப்பான்னு நெனச்சேன்டா!"

"அண்ணி என்ன நெனச்சிருப்பாங்க? தினம் கேட்டைத் தாண்டிப் போறானே, அண்ணன் விடுவாரா, எங்கேயோ முகாம்ல போட்டிருக்கான்னு நெனச்சிருப்பாங்க. நடுவுல நான் தப்பிச்சேன்."

"ஏன்டா போட்டுக்கலை? எதாவது கொள்கையா?"

"கொள்கையா?" கத்திரியின் குரல் இறங்கிவிட்டது. "பயம்ண்ணா. ஊசியைப் பாத்தாலே எனக்குக் கண்ணு இருட்டும்."

"அறுபது மடிப்புத் துணியை ஒரே இழுப்புல வெட்டறவன்டா நீ!"

"அது துணி. இது நான்."

சங்கு இரண்டாம் முறை ஊதியது. கத்திரி உள்ளே ஓடிவிட்டான். சட்டம் நாற்காலியில் உட்கார்ந்தவர் பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. பதினோரு பேரைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு காலையும் தம்பி தோளை உரசிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறான். மேனேஜரின் கார் வந்தபோது சல்யூட் அடிக்கக்கூட மறந்துவிட்டார் என்று கேள்வி.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் லாரிக் கணக்கு எழுதுகிறவரிடம் கேட் சாவியைக் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. "எங்கே சார் போறீங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆள் தெருவில். நேராகக் காஜாக்காரி வீடு.

கதவைத் திறந்தவர் அவள் புருஷன் குழாய்க்காரர். ஊரில் பாதி வீட்டுக் குழாய்க்கு அவர்தான் வைத்தியர். கையில் ஸ்பானர், முகத்தில் ஒரு மாதிரியான மரியாதை.

"நில்லுங்க. யாரைப் பாக்கணும்?"

"என்ன விளையாட்டு இது? என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். பன்னெண்டு வருஷமா என் பொண்டாட்டியையும் உங்களுக்குத் தெரியும்."

சட்டம் தலையைக் குனிந்துகொண்டார். வெயில் பிடரியில் சுட்டது. குழாய்க்காரர் ஒரு நிமிடம் அப்படியே நிற்க வைத்துவிட்டு, போதும் என்று தோன்றியதும் வழி விட்டார்.

உள்ளே காஜாக்காரி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். அளவு நாடா கழுத்தில். எட்டு மாதத்துக்கு முன்னால் இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"வாங்க சார்."

அந்த 'சார்' எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. அவர் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஐந்து நாள் வியர்வையில் அது சட்டைப் பையின் வடிவத்துக்கே வளைந்திருந்தது.

அவள் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மெஷின் மேஜை டிராயரை இழுத்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"உங்க கடிதத்தை நான் படிச்சிட்டேன். இது என் கடிதம். நீங்க படிங்க. எட்டு மாசமா காத்துக்கிட்டிருக்கு."

"இது..."

"மூணு நாள் உங்க முன்னால நீட்டினேனே, அதேதான். என்ன சொன்னீங்க?"

"கடிதமெல்லாம் ஆபீஸ்ல குடுன்னேன்."

"ஆபீஸ் எங்கே இருக்கு?"

"உள்ளே."

"உள்ளே போக?"

"அட்டை வேணும்."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றார் குழாய்க்காரர் வாசலிலிருந்து. "கேக்கக் கேக்க நல்லா இருக்கு."

சட்டம் காகிதத்தைப் பிரித்தார். அட்டையைப் பார்ப்பது கேட் வேலை, கடிதத்தைப் படிப்பது ஆபீஸ் வேலை என்று பதினெட்டு வருடம் வாழ்ந்துவிட்ட மனிதர், முதல் தடவையாக ஒரு தொழிலாளியின் கடிதத்தைப் படித்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியது. முதல் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் இவருக்கு முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைத்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்புகிறோம். இந்த ஊசியை இவருக்கு இனி எப்போதும் போடக் கூடாது.

ஊசி போட்ட இடம் என்று எழுதியிருந்தது அவர் மனைவி வேலை பார்க்கும் சுகாதார நிலையம். தேதியையும் பார்த்தார். அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு வந்த நர்ஸ் கொல்லைப்புறக் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், சோப்பு கரைந்து சின்னதாகிற வரைக்கும். என்ன என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லை.

"அவதான் போட்டாளா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க? வீட்ல சொல்லியிருப்பாளே."

"சொல்லலை."

"சும்மா இருங்க சார். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு..."

"அம்மா, உனக்கு அவளைத் தெரியாதா? ஊசி போடற இடத்து விஷயம் எதையும் அவ வீட்டு வாசப்படி தாண்டிக் கொண்டுவர மாட்டா. எங்க மேனேஜர் ஒரு தடவை அங்கே போனாரு. என்ன சீக்குன்னு சும்மா கேட்டேன். மூணு நாள் என்கிட்ட பேசலை."

காஜாக்காரியின் கால் மெஷின் மிதியிலிருந்து இறங்கியது. "அப்ப நீங்க... தெரிஞ்சுக்கிட்டே என்னைத் திருப்பி அனுப்பலையா?"

"தெரியாதும்மா. ஆனா கையில குடுத்ததைப் படிச்சிருக்கலாம். அது என் தப்பு."

தம்பி விஷயமும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அப்படியே விழுங்கிவிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டுடு."

"மணி பாக்கத் தெரியும் சார்" என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்த பதிவேட்டில் கடைசி வரி காலி. ஆபீஸ் குமாஸ்தா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "மூடிடலாமா சார்?" என்றார். "அஞ்சுன்னா அஞ்சு. ரூல்னா ரூல்" என்றார் சட்டம். அந்த வார்த்தை ஒரு மனுஷிக்குச் சாதகமாக அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் அவள் தெரிந்தாள். அவசரமில்லாமல் நடந்து வந்தாள். சட்டத்துக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய் லாரிகளுக்கான பெரிய கேட்டின் தாழை நீக்கி இரண்டு கதவையும் முழுசாகத் திறந்துவிட்டார்.

அவள் நின்று பார்த்தாள். "லாரி ஏதாவது வருதா?"

"இல்லைம்மா. உனக்குத்தான்."

"என் அளவுக்கு ஒரு கதவு இருக்கில்ல, அதைத் திறங்க போதும்."

மேல்மாடி ஜன்னல்களில் தலை தலையாய் முளைத்துச் சிரித்தன. சட்டம் சின்ன கதவைத் திறந்தார். வலது கை மறுபடி நீண்டுவிடப் போகிறதே என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். காஜாக்காரி அவரைத் தாண்டி உள்ளே போய், ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் பதினோராவது வரியில் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளுடைய பழைய மெஷின்.

இத்தோடு முடிந்தது என்று தெரு நினைத்தது. வீட்டுக்குள் நடந்ததைப் பார்ப்போம்.

ஆறரை மணிக்கு நர்ஸ் வந்து செருப்பைக் கழற்றும்போதே சட்டம் கேட்டார். "இன்னைக்கு எத்தனை பேர்?"

"ஒன்பது. போன வெள்ளிக்கிழமை நாப்பது."

"பாத்தியா, கேக்கறதை விட்டதும்..."

"நானும் காலையில பயந்துக்கிட்டுத்தான் போனேன். ஆனா ஒன்பது பேரும் தானா வந்தவங்க. ஒருத்தர்கூட திட்டிக்கிட்டே கையை நீட்டலை. என் சர்வீஸ்ல இப்படி ஒரு நாள் பாத்ததில்லை." அவள் முகத்தில் அசதியையும் மீறி ஏதோ ஒன்று இருந்தது. "கடிதம்?"

"குடுத்துட்டேன். அவளும் வந்து கையெழுத்துப் போட்டுட்டா. அவகிட்ட ஒரு கடிதம் இருந்துச்சு. அதையும் படிச்சேன்."

நர்ஸின் கை செருப்பு வாரிலேயே நின்றது. "அவளே குடுத்தாளா?"

"அவளேதான்."

அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள். சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள்.

"எட்டு மாசம். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அது அவ உடம்பு. அவ சொல்லலாம். நான் எப்படிச் சொல்ல?"

"புருஷன்கிட்டகூடவா?"

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது. நீங்க கேட்ல நிக்கறவரு. இன்னைக்கு அவளுக்குச் சாதகமா ஒண்ணு சொன்னா, நாளைக்கு இன்னொருத்தருக்குப் பாதகமா ஒண்ணு கேப்பீங்க." குரல் தழைந்தது. "டாக்டர் கடிதம் ஆபீஸுக்குப் போய், அங்கேதான் வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சேன். வாசல்லயே நின்னுடுச்சுன்னு எனக்கும் தெரியாது."

சட்டம் தம்பி விஷயத்தையும் சொன்னார். இரண்டாவது தடவை விழுங்க அவரால் முடியவில்லை. நர்ஸ் உள் அறையின் திரைச்சீலையைப் பார்த்தாள். கத்திரி அதற்குப் பின்னால்தான் இருந்தான், கட்டில் கிறீச்சிட்டது.

"அவனா என்கிட்ட சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றாள் மெதுவாக. "நீங்களும் இதை யார்கிட்டயும் சொல்லலை."

வாசலில் நிழல் விழுந்தது. காஜாக்காரி. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வாசலில்.

"உள்ளே வரலாமா?"

"வாடி" என்று எழுந்தாள் நர்ஸ். எழுந்தவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள், ஏற்கெனவே சரியாக இருந்ததை.

"நீ அவர்கிட்ட ஒண்ணுமே சொல்லலையாமே?"

"சொல்லலை."

"பைத்தியக்காரி. நீ சொல்லியும் மனுஷன் என்னைத் துரத்தினாருன்னு எட்டு மாசமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனேனே!"

"நான் போட்ட ஊசியாலதான் மூஞ்சியைத் திருப்பிக்கறேன்னு நான் நெனச்சேன்."

"உன் ஊசியா?" காஜாக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஊசி போட்ட நீதான்டி என்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினே. காலில செருப்புகூட இல்லாம. அதைப் போய் மறப்பேனா?"

இதற்குமேல் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெளிவாகக் கேட்கவில்லை. சுவரோரம் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்; மூக்கை உறிஞ்சும் சத்தமும் சிரிப்பும் கலந்து கேட்டது. சட்டம் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய், டீத்தூள் டப்பா எது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

காஜாக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பயம் இருக்குடி. உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்."

"சொல்லு."

"யாரையும் அட்டை கேக்கக் கூடாதுன்னதாலதான் நான் உள்ளே போறேன். சந்தோஷம். ஆனா என் உடம்புக்கு ஊசி ஆகாது. காய்ச்சல் வந்தா தாங்க மாட்டேன்னு டாக்டர் சொல்றாரு. ஜன்னல் சாத்தின ஹால், தொண்ணூறு பேர். பக்கத்துல இருக்கறவங்க போட்டவங்களா, போடாதவங்களான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். கேட்டு வெளியே தள்ளினா எப்படி இருக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிம்மதி. என் மெஷினுக்கு நேர் எதிர்ல வெட்டற மேஜை. நாள் முழுக்க என் மூஞ்சிக்கு நேரா நிக்கப் போறது உன் கொழுந்தன். ஊசி போடற வீட்டுப் பிள்ளை. அந்தப் பக்கம் கவலை இல்லை."

சட்டம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். அவள் கை காஜாக்காரியின் கைக்குள் இறுகியது. எட்டு மாதம் ஒரு விஷயத்தை அடைகாத்தவளுக்கு இன்னொன்றை அடைகாப்பது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று தெரிந்திருக்காது.

திரைச்சீலை விலகியது.

"அக்கா" என்றான் கத்திரி. முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பக்கமும் கவலைதான்."

"என்னடா உளர்றே?"

"நான் போட்டுக்கலை. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. இப்பவும் யாரும் கேக்கலை. நானாத்தான் சொல்றேன்."

காஜாக்காரி அவனைப் பார்த்தாள். அப்புறம் சட்டத்தைப் பார்த்தாள். கோபம் வருமா என்று வீடே காத்திருந்தது. வந்தது சிரிப்பு. "ஊர் அட்டையெல்லாம் மோந்து பாத்தீங்களே அண்ணா! வீட்ல இருக்கறது வாசனை அடிக்கலையா?"

அண்ணா என்று கூப்பிட்டது காதில் விழுந்த சந்தோஷத்தில் சட்டத்துக்குக் கிண்டல் உறைக்கவே இல்லை.

"நாளைக்குப் போட்டுக்கறேன்க்கா" என்றான் கத்திரி. "உங்க எதிர்ல நின்னுக்கிட்டு, நீங்க இருமும்போதெல்லாம் பயந்து சாக என்னால முடியாது. ஆனா அண்ணி, நீங்கதான் போடணும். வேற யாரு கையில ஊசியைப் பாத்தாலும் நான் ஓடிடுவேன்."

நர்ஸ் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அங்கே இப்ப ஊசி போடறது நான் இல்லைடா. புதுசா வந்த பொண்ணுதான் போடறா. நான் ரிஜிஸ்டர் எழுதறேன்."

"ரிஜிஸ்டரா?" என்றார் சட்டம். "எப்போலேர்ந்து?"

காஜாக்காரி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"எட்டு மாசமா?"

நர்ஸ் தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"சரி" என்று எழுந்தாள் காஜாக்காரி. "நாளைக்கு நானும் கூட வர்றேன். அவன் கையைப் பிடிச்சுக்கணுமா, உன் கையைப் பிடிச்சுக்கணுமான்னு அங்கே வந்து பாத்துக்கலாம்."

நர்ஸ் கவிழ்த்து வைத்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்குத் திறப்போம்" என்றாள்.